நண்டுத் தீவுக்குப் போன பலராமன்

வில்லியனூருக்குப் பக்கத்தில் உறுவையாறு என்ற ஊரில் பலராமன் என்று ஒரு கரும்புக்காரர் இருந்தார். ஆள் ஒல்லி. வேட்டியை எத்தனை இறுக்கிக் கட்டினாலும் இடுப்பில் நிற்க இடமில்லாமல் நழுவும். ஆனால் தொண்டை மட்டும் அந்த உடம்புக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாதது. கரும்புக்கொல்லையில் நரி நுழைந்துவிட்டதென்று அவர் ஒரு சத்தம் போட்டால், ஆற்றுக்கு அக்கரையில் கட்டியிருக்கும் மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். ஊரில் யாரையாவது அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் ஆள் அனுப்பும் வழக்கமே கிடையாது. பலராமனிடம் சொல்வார்கள். அவர் வரப்பில் நின்று கூப்பிடுவார். சம்பந்தப்பட்ட ஆள் எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேருவார் என்று பேச்சு.

இத்தனை சத்தம் உள்ள மனிதருக்குப் பேய் என்றால் பயம். பொழுது சாய்ந்துவிட்டால் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போகக்கூட மனைவி தையலம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். "ஆம்பள ஒனக்கு நான் தொண போவணுமா?" என்று அவள் கேட்டால், "நீ முன்னால போனாத்தான்டி எனக்குப் பின்னால யாரும் வரமாட்டாங்க" என்பார். அந்தக் கணக்கு அவளுக்கு விளங்கியதே இல்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் பேயோட்டி என்று பேர் வந்தது.

அது நடந்தது திருவாண்டார்கோயிலில். தையலம்மாளின் அக்கா மகள் அமுதத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரி வந்து, உடுக்கை அடித்து, வேப்பிலை வீசி, மூன்று நாளாகப் பாடிப் பார்த்தும் பெண் தலைவிரி கோலமாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள். உறவுமுறைக்குப் போகாமல் இருக்க முடியாது என்று பலராமனும் போனார். கூட்டத்துக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றார். பெண் ஒரு தடவை அவர் பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். பலராமன் பதறிப்போய்ப் பின்னால் ஓர் அடி வைத்தார். அங்கே தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

வெறுங்கால். அவர் போட்ட சத்தத்தில் உடுக்கை கீழே விழுந்தது. பூசாரி அதன்மேல் விழுந்தார். அமுதம் சட்டென்று நின்று, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, "இன்னா சித்தப்பா, கால்ல சுட்டுக்கினியா?" என்று கேட்டாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பேய் போய்விட்டது.

"பேய்க்கு அவுரு சத்தம் ஆவல" என்று பூசாரியே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? திருக்கனூரிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பலராமன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வருகிறவர்கள் கோழி கொண்டுவந்தார்கள். தையலம்மாள் கோழியை வாங்கிக்கொண்டு, "எங்கயாவது ஒரு சத்தம் போட்டுட்டு வாயேன், இன்னா கொறஞ்சி பூடும்?" என்று அவரை அனுப்பிவைத்தாள். அவரும் போவார். பேய் பிடித்தவரை நேரில் பார்த்ததும் பயத்தில் தானாகவே சத்தம் வந்துவிடும். பாதிப் பேருக்குக் குணமாயிற்று என்பதுதான் ஆச்சரியம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு வாக்கில் ஒரு வெள்ளைக்காரர் உறுவையாற்றுக்கு வந்தார். பெயர் பெர்தினான்; பிரெஞ்சு மரியாதையில் முசே பெர்தினான். கொழும்பையும் தாண்டி நடுக்கடலில் கிடக்கும் மசுக்கரைத் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர். பருத்த உடம்பு, வெயிலில் வெந்து சிவந்த முகம். கூடவே துபாசியாக வில்லியனூர் சூசைநாதன் வந்திருந்தான். புதுச்சேரியில் ஒரு கச்சேரியில் எழுத்து வேலை பார்த்து, அந்த வேலை போய், இப்போது வெள்ளைக்காரர்களுக்கு மொழி சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்த ஆள். தெரியாது என்ற சொல் அவனுக்கு எந்த மொழியிலும் வராது.

முசே வெகுநேரம் பேசினார். சூசைநாதன் சுருக்கமாகச் சொன்னான்.

"மசுக்கரைக்கு அப்பால ஒரு குட்டித் தீவு கீதாம். முன்ன காலத்துல அங்க ஒரு கடல் கொள்ளைக்காரன் இருந்தானாம். ஒத்தக் காதன்னு பேரு. நம்ம சூரத்துக் கப்பலை எல்லாம் அடிச்சி, தங்கத்தக் கொண்டுபோயி அந்தத் தீவுல பொதச்சி வெச்சிருக்கான். இவுரு அதத் தோண்டறாரு. தோண்ட வுடாம அவன் பேய் அட்டகாசம் பண்ணுதாம். நீ வந்து ஓட்டணும்."

"வெள்ளக்காரன் பேய நான் எப்பிடி ஓட்டறது? அதுக்கு என் பாஷ தெரியாதே?"

சூசைநாதன் கேட்டுச் சொன்னான். "தங்கம் நம்ம ஊருத் தங்கமாம். அதைக் காக்கிற பூதமும் நம்ம ஊருதானாம். தமிழ்ல சொன்னாத்தான் கேக்குமாம்."

சூரத்துப் பூதத்துக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று பலராமனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பார். "ரோசன பண்ணிச் சொல்றன்" என்றார். பலராமனின் அகராதியில் அதற்கு வரமாட்டேன் என்று பொருள். சூசைநாதன் அதையே பிரெஞ்சில் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார் என்று சொல்லிவிட்டான்.

மறுவாரம் திருக்கனூர்ச் சந்தையிலிருந்து ஒரு ஜோடி உழவு மாடு வந்து வாசலில் நின்றது. முசே அனுப்பிய வெகுமதி. பலராமன் கொல்லையிலிருந்து வந்து பார்ப்பதற்குள் தையலம்மாள் மாடுகளுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பேரும் வைத்துவிட்டாள்.

"திருப்பி அனுப்புடி. நான் எங்கயும் போறதா இல்ல."

"பேரு வெச்ச மாட்ட யாராச்சும் திருப்புவாங்களா? நீ போயிட்டு வா. சத்தந்தான போடப் போற? இங்க போடறத அங்க போடு."

போகும்போது அவளுடைய தாய்வீட்டுப் பித்தளைச் செம்பு ஒன்றைக் கையில் கொடுத்தாள். "கண்டவன் குடிச்ச ஏனத்துல தண்ணி குடிக்காத. இதத் தொலச்சிட்டு வந்த, வூட்டுக்குள்ள வுடமாட்டன்."

புதுச்சேரிக் கடற்பாலத்திலிருந்து சலங்குப் படகில் ஏற்றி, அலைக்கு அப்பால் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். பலராமன் கடலைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அதன்மேல் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. முதல் அலையிலேயே அவர் போட்ட கூச்சலில் படகோட்டிகள் துடுப்பை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். கொழும்பில் வேறு கப்பல் மாறினார்கள். அங்கிருந்து மசுக்கரைக்குப் போகும்வரை பலராமன் படுத்தே கிடந்தார். உள்ளே போன கஞ்சி எல்லாம் வெளியே வந்தது. சூசைநாதன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினான். பலராமனுக்காக என்று சொன்னாலும், அவனும் முகம் பச்சையாகி, இருமுறை மாலையோடு கப்பல் ஓரத்துக்கு ஓடினான்.

மசுக்கரையிலிருந்து அந்தக் குட்டித் தீவுக்கு நீராவிக் கப்பல் போகாது. இரண்டு மரம் நட்ட ஒரு பாய்க்கப்பல்தான். அதில் ஏறிய பிறகு பலராமனுக்கு ஓர் அதிசயம் நடந்தது. குமட்டல் நின்றுவிட்டது. பாய் காற்றில் உப்பி, கயிறுகள் முனகி, நீலமாக இருந்த கடல் ஓரிடத்தில் பச்சையாகி, பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி விழுவதைப் பார்த்ததும், "நம்ம ஏரியில இத வுட்டா எப்பிடி இருக்கும்!" என்றார். காப்பித்தேன் என்கிற கப்பல் தலைவருக்குப் பலராமனை மிகவும் பிடித்துப்போயிற்று. காரணம் ஒரு மழை. கண் முன்னால் கையை நீட்டினால் விரல் தெரியாத மழை. கப்பலின் ஊதுகொம்பு எப்போதோ உடைந்துபோயிருந்தது. எதிரே ஏதோ மணிச் சத்தம் கேட்டது. இன்னொரு கப்பல் நேராக வந்துகொண்டிருந்தது.

"ஏய்ய்ய்! யார்ரா அது! கண்ணு தெரில? ஒதுங்கிப் போடா!" என்று பலராமன் ஒரே ஒரு சத்தம் போட்டார்.

அந்தக் கப்பல் திரும்பிய வேகத்தில் அதன் பாய்மரம் முறுகிய சத்தம் காப்பித்தேனுக்குக் கேட்டதாம். அன்று முதல் அவர் பலராமனுக்குத் தன் கையாலேயே ரொட்டி கொடுத்தார். சாராயமும் கொடுத்தார். பலராமன் தையலம்மாள் செம்பில் வாங்கிக் குடித்தார்.

போகிற வழியில் முசே பெர்தினான் ஒற்றைக் காதனின் கதையை விரிவாகச் சொன்னார். ஒரு சண்டையில் அவனுடைய காது அறுந்து விழுந்ததாம். தன்னுடைய ஆட்களில் எவனோ அதை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறான் என்று சாகும்வரை தேடினானாம். செத்த பிறகும் தேடுகிறானாம். அதனால்தான் தீவில் கண்ட சாமான் எல்லாம் காணாமல் போகிறது. கரண்டியை எடுத்துப் பார்ப்பான், காது இல்லை என்றால் கோபத்தில் எங்காவது போட்டுவிடுவான்.

"காதுக்கும் கரண்டிக்கும் வித்யாசம் தெரியாதா அவனுக்கு?" என்று பலராமன் கேட்டார்.

"செத்து எரநூறு வருசம் ஆச்சி. பார்வ மங்கியிருக்கும்" என்றான் சூசைநாதன், யாரையும் கேட்காமலேயே.

தீவு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை மணல், அதற்கு மேலே தென்னந்தோப்பு, நடுவே ஒரு கரும்பாறை மேடு. ஆனால் கரையில் வந்து நின்ற ஆட்களைப் பார்த்ததும் பலராமன் படகிலிருந்து இறங்காமல் நின்றார். தோண்டும் ஆட்கள் அத்தனை பேரும் இரண்டு காதையும் சேர்த்துத் தலையோடு துணி கட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பல்வலி வந்ததுபோல இருந்தது. ஒற்றைக் காதன் யாருடைய காதையாவது தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கை அது. பலராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தானும் கட்டிக்கொண்டார். முசேவும் ஒரு துணியை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். சூசைநாதன், "நான் வேதக்காரன், எனக்கு இதெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஆட்களுக்குத் தலைவன் லூய் முத்துசாமி. பேரைக் கேட்டதும் பலராமன் மகிழ்ந்துபோனார். "தம்பி, எந்தூரு உங்களுக்கு?" லூய் முத்துசாமி சிரித்தான். அவனுடைய பாட்டனின் அப்பன் தஞ்சாவூரோ காரைக்காலோ, கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். இவனுக்குத் தமிழில் தெரிந்தது மொத்தம் கொஞ்சம்தான்: சாமி, மாரியம்மா, தண்ணி, வாங்க. ஆனால் தமிழ் பேசும் மந்திரவாதியை நேரில் பார்க்கிறோம் என்று அவன் கண் கலங்கி, பலராமனின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

ஏழெட்டு இடத்தில் பள்ளம் தோண்டிக் கிடந்தது. முசேவுக்குப் பாறை எதைப் பார்த்தாலும் ஆமை மாதிரி தெரிந்தது. ஆமைப் பாறைக்குக் கீழேதான் புதையல் என்பது அவருடைய முடிவு. ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முசேவின் ஒரு கால் ஜோடு காணோம். மூன்று கரண்டி, ஓர் உளி, சட்டி மூடி எல்லாம் காணோம். பேயை ஓட்டினால்தான் பள்ளத்தில் இறங்குவோம் என்று லூய் முத்துசாமி சொல்லிவிட்டான். பேயை ஓட்டினால்தான் திரும்பிப்போகக் கப்பல் என்று முசே சொன்னார்.

வேறு வழியில்லாமல் பலராமன் பூசைக்கு உட்கார்ந்தார். தேங்காய் உடைத்து, தீ மூட்டி, எல்லாரும் வட்டமாகச் சுற்றி நின்றார்கள்.

"மந்திரம் சொல்லு" என்றான் சூசைநாதன்.

"எனக்கு ஏது மந்திரம்?"

"தமிழ்ல எதாச்சும் சொல்லுய்யா! இங்க எவனுக்குத் தெரியப்போவுது?"

பலராமன் தீயையும் சுற்றி நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழே மறந்துபோனது. ஊர் நினைப்பு மட்டும்தான் இருந்தது. ஊருக்குப் போவதென்றால் ரயில். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்:

"விழுப்புரம்! வளவனூர்! சின்னபாபுசமுத்திரம்! வில்லியனூர்!"

நான்கே ஸ்டேஷன். திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. தென்னையிலிருந்து காய்கள் உதிர்ந்தன. கடற்பறவைகள் மொத்தமாகத் தீவை விட்டுக் கிளம்பின. லூய் முத்துசாமி மார்பில் கைவைத்துக்கொண்டு அழுதான். முசே பெர்தினான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். சூசைநாதன் மட்டும் வேட்டித் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றான். முசே அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆட்கள் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மண்வெட்டியை நெற்றியில் ஒற்றிக்கொண்டு "சின்னபாபுசமுத்திரம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். நான்கில் அதுதான் நீளமானது, சக்தியும் அதில்தான் அதிகம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

கொஞ்ச நாள் ஒன்றும் காணாமல் போகவில்லை. பலராமன் ஊருக்குப் போகும் கனவில் இருந்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் தூறல் விட்டிருந்த நேரத்தில் அவர் தென்னைக்குக் கீழே செம்பை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே சரசரவென்று சத்தம். பிறகு தொப்பென்று ஒன்று அவர் காலடியில் விழுந்தது.

தேங்காய் என்று நினைத்தார். அது எழுந்து நடந்தது.

நண்டுதான். ஆனால் எப்பேர்ப்பட்ட நண்டு! நம் வயல் நண்டு உள்ளங்கையில் அடங்கும். இது ஒரு முறம் அகலத்துக்கு இருந்தது. ஊதாவும் சிவப்புமாக உடம்பு, ஆள் விரலைவிடத் தடித்த கால்கள், பாக்குவெட்டி போல இரண்டு கொடுக்கு. பலராமன் சத்தம் போட்டார். தீவே அதிர்ந்தது. நண்டு அசையவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செம்பின் கழுத்தைக் கொடுக்கால் பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது.

பேயாக இருந்தால் பலராமன் எதிர்த்திசையில் ஓடியிருப்பார். ஆனால் போவது தையலம்மாளின் தாய்வீட்டுச் செம்பு. கடல் தாண்டி வந்த மனிதரை வீட்டு வாசல் தாண்டவிடமாட்டாள். "ஏய்! வுடுறா! அது என் பொண்டாட்டி செம்புடா!" என்று கத்திக்கொண்டே நண்டின் பின்னால் ஓடினார். அது வேர்களுக்கு இடையில் புகுந்தது. இவரும் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். செம்பு கிடைத்தது, கழுத்தில் கொடுக்குப் பட்ட நசுங்கலோடு. கூடவே கரண்டி கிடைத்தது. உளி கிடைத்தது. முசேவின் கால் ஜோடு கிடைத்தது, நாக்குப் பகுதி மட்டும் மென்று தின்னப்பட்டிருந்தது.

எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல! நண்டு! திருட்டு நண்டு! தொரகிட்ட சொல்லு, சூச. நாளைக்கே கெளம்பலாம்!"

சூசைநாதன் மொழிபெயர்த்தான். இந்த முறை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. பேய் நண்டு உருவம் எடுத்து வந்திருக்கிறது என்றான் லூய் முத்துசாமி. இத்தனை வருடமாக இந்தத் தீவில் நண்டைப் பார்த்திருக்கிறோம், ஜோட்டைத் திருடும் நண்டை யார் பார்த்தது என்று மற்றவர்கள் கேட்டார்கள். முசே பெர்தினானோ அந்தச் சாமான்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளித் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தேய்ந்துபோன ஒரு பழைய நாணயம். அவர் கண்கள் மின்னின.

"இந்த நண்டுக்குப் புதையல் இருக்கிற இடம் தெரியும்!"

அப்படித்தான் பலராமன் நண்டு மேய்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். நண்டைப் பிடித்து, நடுவில் கயிறு கட்டி, கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். நண்டு எங்கே போனாலும் போகவிட வேண்டும். அது போகும் வழியெல்லாம் முசே பெர்தினான் முழங்கால் போட்டுத் தவழ்ந்து, மூக்கு மண்ணில் உரச, பின்னால் போவார். அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு ஆட்கள். எல்லாருக்கும் பின்னால் குடை பிடித்துக்கொண்டு சூசைநாதன். நண்டு நின்ற இடமெல்லாம் தோண்டினார்கள். அது தேங்காய் உரிக்கும்போது எல்லாரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அது உரிக்க ஆரம்பித்தால் மதியம் தாண்டிவிடும்.

"கெடாரி மேச்சிருக்கன், ஆடு மேச்சிருக்கன், மச்சான் புள்ளைங்கள மேச்சிருக்கன்" என்று பலராமன் புலம்பினார். "இத ஊர்ல போயி எப்பிடிச் சொல்லுவன்?"

"சொல்லாத" என்றான் சூசைநாதன். "நானும் சொல்ல மாட்டன்."

இது எத்தனை காலம் நடந்திருக்குமோ. ஒரு நாள் நண்டு, முசே முதன்முதலில் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நகரவில்லை. இதுதான் இடம் என்று முசே குதித்தார். பள்ளத்தில் இறங்கி, நண்டின் வயிற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தலையைத் தரையோடு வைத்தார். வெயிலுக்கு வேர்க்கிறது என்று காதுத் துணியை அன்றைக்குத்தான் அவிழ்த்திருந்தார்.

நண்டு அவருடைய இடது காதைப் பிடித்தது.

முசே பெர்தினானுக்கும் நல்ல தொண்டைதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பலராமன் மேலே நின்று தன் பங்குக்குக் கத்தினார். நண்டு மதிக்கவில்லை. கடைசியில் லூய் முத்துசாமி "சின்னபாபுசமுத்திரம்" சொல்லிக்கொண்டே உள்ளே குதித்து, நண்டின் அடிவயிற்றில் ஓர் ஈர்க்குச்சியால் கிச்சுக்கிச்சு மூட்டினான். நண்டு கொடுக்கைத் தளர்த்தியது. காது முழுதாகப் போகவில்லை. மேல்பக்கம் கொஞ்சம் கிழிந்து தொங்கியது.

இனி நடந்தது யாரும் எதிர்பாராதது. முசே கிழிந்த காதைக் கையால் பொத்திக்கொண்டு, ரத்தம் வழிய, மற்ற காது மட்டும் தெரியப் பள்ளத்திலிருந்து மேலே வந்தார். ஆட்கள் பார்த்தார்கள். சிவந்த முகம், ஒற்றைக் காது, பிரெஞ்சில் வசவு. இத்தனை நாள் யாருக்குப் பயந்து காதைக் கட்டினார்களோ அவனே நேரில் எழுந்து வந்துவிட்டான் என்று ஒருவன் அலறினான். அவ்வளவுதான். மண்வெட்டிகள் பறந்தன. ஆட்கள் மொத்தமும் கரைக்கு ஓடிப் படகைத் தள்ளிவிட்டார்கள். லூய் முத்துசாமிக்கு விஷயம் தெரியும். ஆனாலும் கூட்டம் ஓடும்போது நிற்க முடியவில்லை, அவனும் ஓடினான். சூசைநாதன் விளக்கம் சொல்லத் திரும்பினான். பலராமன் அவனைத் தாண்டி ஓடி, எல்லாருக்கும் முன்னால் படகில் இருந்தார். கையில் செம்பு மட்டும் இருந்தது.

நல்லவேளையாகப் பாய்க்கப்பல் அன்று அரிசி இறக்க வந்திருந்தது. காப்பித்தேன் போய் முசேவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். முசேவின் காதுக்குக் கட்டுப் போட்டிருந்தது. மசுக்கரைக்குப் போய்ச் சேரும்வரை ஆட்கள் கப்பலின் மறுமுனையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு முசே பெர்தினான் புதையல் பேச்சை எடுக்கவில்லை. கரும்போடு நின்றுகொண்டார். பலராமனை மரியாதையாகவே அனுப்பிவைத்தார். கைகொடுக்கும்போது தன் தலையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

பலராமன் வீடு வந்து சேர்ந்தபோது நாற்று நட்டு முடிந்திருந்தது. தையலம்மாள் செம்பை வாங்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பேய ஓட்டிட்டியா?"

"பேயே இல்லடி. நண்டு."

கையை விரித்து அளவைக் காட்டினார். மரம் ஏறும் என்றார். தேங்காய் உரிக்கும் என்றார். ஜோட்டைத் திருடும் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை குறைந்தது. அவள் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நண்டுதான்" என்றாள்.

"நம்புறியா?"

"நம்பாம? பேயா இருந்திருந்தா நீ அங்கயே செத்திருப்ப. உசுரோட வந்துட்ட. அப்பன்னா நண்டுதான்."

உலகத்தில் அவரை நம்பிய ஒரே ஆள் அவள். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. "தென்னமரம் ஏறுற நண்டா? கப்பலுக்குப் போனவன் எல்லாம் இப்பிடித்தான் அளப்பான்" என்று சிரித்தார்கள். சவரம் பண்ணுகிறவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இதற்கிடையில் சூசைநாதன் வில்லியனூரில் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தான். அதில் பேய் இருந்தது, வாள் இருந்தது, சூசைநாதன் ஜெபமாலையைக் காட்டிப் பேயைக் கடலுக்குள் துரத்தினான். பலராமன் ஒரு பானைக்குள் ஒளிந்திருந்தார். அதை எல்லாரும் நம்பினார்கள்.

பலராமன் கோபத்தோடு வில்லியனூருக்கு நடந்துபோய், கடைத்தெருவில் அவனைப் பிடித்தார்.

"இன்னா சூச, என்ன பானைக்குள்ள வெச்சிருக்கியாமே?"

"கதைக்கு வேணும்னு வெச்சன்பா. நீ நண்டுன்னு சொல்லிக்கினு திரியற. அந்தச் சிரிப்பு என் மேலயும்ல வுழுது? குடை புடிச்சதையும் சேத்துச் சொல்லப்போறியா?"

பலராமன் யோசித்தார். நண்டின் பின்னால் கயிறு பிடித்துக்கொண்டு நடந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, அரைமனதோடு ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். பேய் உண்டு. ஜெபமாலை பாதி வேலை செய்தது, பலராமனின் சத்தம் மீதி வேலை செய்தது. பானை கிடையாது. பேய்க்கு எந்தக் காது இல்லை என்பதில்தான் தகராறு நீண்டது. சூசைநாதன் ஏற்கனவே நாலு பேரிடம் வலது என்று சொல்லியிருந்தான். பலராமன் விட்டுக்கொடுத்தார்.

அதன்பின் அவருக்குக் கௌரவம் வந்தது. சுற்று வட்டாரத்தில் மசுக்கரையார் என்றே பேர் ஆயிற்று. பேயோட்டக் கூப்பிட்டால் மட்டும் போகமாட்டார். கடல் தாண்டியவன் உள்ளூர்ப் பேயிடம் கை வைப்பது முறையில்லை என்று புதிதாக ஒரு சட்டம் கண்டுபிடித்து வைத்திருந்தார். முசே அனுப்பிய மாடுகளில் உழுது, கரும்பு வெட்டி, வெல்லம் காய்ச்சி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். யுத்த காலத்தில் அரிசிக்கு எல்லாரும் அல்லாடியபோதும் ராத்திரி வீட்டு வாசலில் ஒரு கூட்டம் உட்கார்ந்து, ஒற்றைக் காதன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகும்.

பெரிய மகள் ஜெயாவைப் பாகூரில் கொடுத்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, மசுக்கரையார் வாயால் கேட்க வேண்டும் என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பலராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பாறைக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் காதன் எழுந்து வந்தான். பனைமர உயரம். கண்ணில் நெருப்பு. சம்பந்தி வெற்றிலையை மெல்ல மறந்து வாயைப் பிளந்தார்.

சோற்றுக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன தையலம்மாள் ஒரு கணம் நின்றாள்.

"அந்தப் பேய்க்குக் கொடுக்கு எத்தினின்னு கேளுங்க சம்மந்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.